சத்துணவு முட்டை ஓட்டைக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எர்ணாவூர் பக்கமெல்லாம் இன்றும் சந்துக்குச் சந்து நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு கூண்டு, நாலைந்து பெட்டை, ஒரு சேவல். வளர்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பிள்ளைகளுக்கு வீட்டு முட்டை கிடைக்கிறது, மீந்ததை அக்கம்பக்கத்தில் விற்றால் கைச்செலவுக்கு ஆகிறது.

இவர்கள் ஓயாமல் சொல்லும் குறை தோல்முட்டை. எடுத்தால் கையில் அமுங்கும். ஓடு இருந்தாலும் காகிதம் போல மெலிந்து, அடை வைத்த மறுநாளே விரிசல் விடும். "வெயில் சூடு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது ஓடு மெலிவது உண்மைதான். ஆனால் வருடம் முழுக்க இப்படி என்றால் தீனியைத்தான் பார்க்க வேண்டும்.

நாம் போடுவது நொய், கம்பு, மீந்த சோறு. இவற்றில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், மிகக் குறைவு. கேழ்வரகு பரவாயில்லை, ஆனால் அதிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம்தான். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தினமும் முட்டையிடும் பண்ணைக் கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வரை தேவை என்று கணக்கிட்டுத்தான் முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம் தயாரிக்கிறார்கள். நாட்டுக்கோழிக்கு அவ்வளவு வேண்டியதில்லை, ஆனால் நொய் மட்டும் தின்றால் அதற்கும் போதாது. போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். முட்டை மெலிவதோடு காலும் தளர்ந்துபோவது அதனால்தான்.

இந்தக் குறைக்கு மருந்து நம் சமையலறைக் குப்பையிலேயே கிடக்கிறது. முட்டை ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். எங்கள் தெருவில் ஒரு அக்கா செய்வதைச் சொல்கிறேன். ஆம்லெட் போட்ட ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, முறத்தில் பரப்பி மொட்டைமாடியில் காயவைப்பார். பச்சை ஓட்டில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கக்கூடும் என்பதால் கொதிக்கவிடுவதை அவர் ஒருநாளும் விடுவதில்லை. மொறமொறவென்று காய்ந்ததும் அம்மியில் வைத்து நொறுக்குவார், மாவாக்க மாட்டார். கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதுதான் சரி. ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. பொடி சீக்கிரம் கரைந்து போய்விடும், துண்டுகள் இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்ல மெல்லச் சத்து தரும். அதற்காக அரை ஓடாகப் போட்டுவிடவும் கூடாது. முட்டை என்று அடையாளம் கண்டால் கோழி தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை நிறுத்துவது பெரும்பாடு.

இதைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். முட்டையிடும் பெட்டை தனக்கு வேண்டியதை மட்டும் கொத்திக்கொள்ளும். குஞ்சுக்கும் இன்னும் முட்டையிடாத இளங்கோழிக்கும் சுண்ணாம்பு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். அப்புறம், கோழி காலையில் கொஞ்ச நேரமாவது வெயிலில் திரிய வேண்டும். வைட்டமின் டி இல்லாவிட்டால் எவ்வளவு ஓடு தின்றாலும் உடம்பில் சேராது.

எங்கள் பகுதியில் கருவாட்டுத் தலையைக் கோழிக்குப் போடும் வழக்கம் உண்டு. தயவுசெய்து நிறுத்துங்கள், அத்தனை உப்பைக் கோழி தாங்காது. கிளிஞ்சலும் நல்ல சுண்ணாம்புதான், ஆனால் எண்ணூர்க் கழிமுகத்தில் பொறுக்கியதை நான் கொடுக்க மாட்டேன். ஆண்டுக்கணக்காக அனல்மின் நிலையச் சாம்பல் படியும் இடம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெயும் பரவியது.

நான் இக்கடிதம் எழுதுவது ஒரு கோரிக்கைக்காக. பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் அவித்த முட்டை தருகிறார்கள். ஓர் ஓடு 5 கிராம் என்றால் 100 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளியில் நாளுக்கு அரை கிலோ, வாரத்துக்கு இரண்டரை கிலோ ஓடு சேரும். ஐம்பது கோழிக்குத் தாராளமாகப் போதும். அதுவும் ஏற்கெனவே வெந்த ஓடு, மறுபடி கொதிக்கவிடும் வேலைகூட இல்லை. அன்றைக்கே காயவைத்தால் நாற்றமும் வராது. இப்போது இதெல்லாம் மற்றக் குப்பையோடு சேர்ந்து கொடுங்கையூர்க் கிடங்குக்குப் போகிறது. ஏற்கெனவே அந்தக் குப்பை மலையின் புகையைச் சுவாசித்துக்கொண்டிருக்கும் எங்கள் மீதே இதையும் கொட்டுவானேன்?

மாநகராட்சி சத்துணவு மையங்களில் முட்டை ஓட்டுக்கென்று ஒரு தனி வாளி வைக்கச் சொன்னால் போதும். கோழி வளர்ப்பவர்கள் மாலையில் வந்து எடுத்துக்கொள்வார்கள். பிரியாணிக் கடைக்காரர்களும் இதைச் செய்யலாம், அங்கேயும் அவித்த முட்டைதானே. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரம் பால் பண்ணைப் பகுதியில், எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓட்டை எப்படிக் காயவைப்பது, எந்தக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரே பக்கத்தில் அவர்கள் அச்சடித்துத் தந்தால் அந்த வாளிக்கு மேலேயே ஒட்டிவிடலாம். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை-21