அப்பாவுக்கு, ஸ்காபுறோவிலிருந்து

ஸ்காபுறோ
ரொறன்ரோ, கனடா
16.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூள் வந்து சேர்ந்தது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு.

போன கிழமை போனில் ஒரு கதை சொன்னீர்களே, "நட்டத்தில் ஓடுகிற ரயில்வேக்குத் திறைசேரி ஏன் காசு கொட்ட வேண்டும்?" என்று பக்கத்து வீட்டு மாமா உங்களோடு வாதாடினார் என்று. எனக்கு அப்போது பதில் வரவில்லை. பஸ்ஸில் போய் வரும்போதெல்லாம் அதுதான் யோசனை.

இங்கே 3 டொலர் 30 சதத்துக்கு 2 மணித்தியாலம் பஸ், சுரங்க ரயில் என்று மாறி மாறிப் போகலாம். அந்தக் காசில் மட்டும் இவை ஓடவில்லை. நகரசபை வரிப்பணத்தில் இருந்து கொடுக்கிறது. மாகாண அரசு பெற்றோல் வரியில் லீட்டருக்கு 2 சதத்தை ஊர்களின் பொதுப் போக்குவரத்துக்கென்று ஒதுக்குகிறது. கார்க்காரர் கட்டும் வரியிலும் என் பஸ் ஓடுகிறது, அப்பா.

இந்த ஓகஸ்டில் 70 புதுச் சுரங்க ரயில்களுக்கு ஓடர் அறிவித்தார்கள். அதில் 55 ரயில்களுக்கு மத்திய, மாகாண, நகர அரசுகள் மூன்றும் தலைக்கு 758 மில்லியன் டொலர் போடுகின்றன. ரயில்கள் தண்டர் பே என்ற ஊரில் உருவாகப் போகின்றன. ரொறன்ரோவில் இருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தூரம். ஓடர்கள் குறைந்த 2019இல் அதே தொழிற்சாலையில் 550 பேரை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். ரொறன்ரோவில் ரயில் பெட்டி வாங்கினால்தான் அங்கே அடுப்பு எரியும்.

அதை வாசித்தபோது எனக்கு நீங்கள் வேலை செய்த இரத்மலானை ரயில்வே வேர்க்சொப்தான் ஞாபகம் வந்தது. பின்னேரம் நீங்கள் வந்து கிணற்றடியில் சீனியும் சவர்க்காரமும் சேர்த்து உரசி உரசிக் கை கழுவுவீர்கள். எவ்வளவு உரசினாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடு மிஞ்சும். அந்தக் கையால்தான் எனக்கும் தம்பிக்கும் சோறு பிசைந்து தருவீர்கள். உங்கள் சம்பளத்தில் வெள்ளவத்தையில் கடைக்காரர் உழைத்தார், ரியூஷன் மாஸ்டர் உழைத்தார். வேர்க்சொப் வாசலில் பார்சல் விற்ற அன்ரி தன் 3 பிள்ளைகளையும் படிப்பித்தார். நட்டக் கணக்கு எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? மாமாவிடம் கேளுங்கள்.

வீண் செலவு இல்லை என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். அதைத் திருத்தட்டும். ஆனால் காசை நிறுத்தினால் முதலில் நிற்பது திருத்த வேலை, அப்புறம் அதைச் செய்யும் கைகள்.

கொழும்பின் மாலபே–கோட்டை இலகு ரயில் திட்டத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 2019 மார்ச்சில் ஜப்பானோடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டி 0.1 சதவீதம், திருப்பிக் கட்ட 40 வருஷம். 2020 செப்ரெம்பரில், செலவு அதிகம் என்று சொல்லி நிறுத்தினார்கள். அந்த வருஷம்தான் தம்பி எலெக்ட்ரிக்கல் படிப்பை முடித்தான். அதில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் விண்ணப்பம் போட ஓர் இடமாவது இருந்திருக்கும். இப்போது அவனும் கனடா ஃபோர்ம் நிரப்புகிறான். வா என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் உங்கள் இருவரையும் நினைத்தால் வாய் வரவில்லை.

ரயில்வேயில் ஆள் எடுக்கிறார்களா என்று உங்கள் பழைய ஆட்களிடம் ஒருமுறை விசாரியுங்கள். அவன் தானாகப் போய்க் கேட்க மாட்டான்.

மழை நாள். வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி கோயிலுக்குப் போகும்போது அம்மா 100ஆம் பஸ்ஸில் மிதிபலகையில் நின்று போக வேண்டாம். ரயிலில் போகச் சொல்லுங்கள்.

அன்பு மகன்