'தைராய்டுதானே' என்று வரிசையில் விடாதீர்கள்

கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அப்பாவின் ஃபைல் உங்களிடம் இருக்கிறது, அதனால் முழுக்கதையையும் சொல்லப்போவதில்லை. தைராய்டு புற்றுநோயிலேயே மிக வேகமாக வளரும் அனாபிளாஸ்டிக் வகை, மூச்சுக்குழாயைச் சுற்றிப் பிடித்துவிட்டது, அறுவை சிகிச்சை முடியாது, ரேடியேஷனை உடனே ஆரம்பிக்க வேண்டும் என்று சர்ஜன் அடிக்கோடு போட்டு எழுதிய சீட்டும் அதில்தான் இருக்கிறது. யாராவது படித்தீர்களா?

தேதி கேட்டபோது கிடைத்த பதில்: "தைராய்டுதானே, பயப்படாதீங்க, மெதுவாத்தான் வளரும்." மற்ற தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அது சரி. தைராய்டு புற்றுநோயாளிகளில் நூற்றில் ஒருவர் இருவருக்கு வரும் இந்த வகை வாரக்கணக்கில் வளர்வது. அயோடினை உறிஞ்சாது என்பதால் கதிரியக்க மருந்தான ரேடியோ அயோடினும் உதவாது. இதெல்லாம் எங்களைவிட உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எல்லோருக்கும் ஒரே வரிசை.

ரேடியேஷன் கொடுக்கும்போது தலையும் கழுத்தும் அசையாமல் பிடிக்கிற அந்த மாஸ்க் விஷயத்தை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்திலும் கழுத்திலும் படிய வைத்து, அது இறுகும்வரை மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். அப்பா வீட்டில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர், படுத்தால் மூச்சு விசில் மாதிரி இழுக்கும். அப்படியும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். அப்புறம் கதிர் அளவைக் கணக்குப் போடும் பிளானிங் முடியவில்லை, மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாங்க என்று தள்ளித் தள்ளி ஒருவழியாகக் கூப்பிட்ட அன்று, மாஸ்க் கழுத்தில் இறங்கவில்லை. அதற்குள் கட்டி அவ்வளவு வளர்ந்திருந்தது. மாட்டிவிட வந்த ஊழியர் முகம் வாடிப்போனது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மறுபடி மாஸ்க், மறுபடி சிடி ஸ்கேன், மறுபடி பிளானிங். மறுபடி அதே வரிசையின் கடைசி!

முழு சிகிச்சை என்றால் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சின் அளவு), வாரத்துக்கு 5 நாளாக ஆறேழு வாரம், தண்டுவடத்துக்கு அளவு மீறாமல் கணக்குப் போட நேரம் பிடிக்கும் என்பது புரிகிறது. ஆனால் 5 தடவையில் மொத்தம் 20 கிரே என்று குறுகிய சிகிச்சையும் இருக்கிறதே, மூச்சு அடைக்கிற நோயாளிக்கு எது பொருந்தும் என்று ஒரு மருத்துவர் பார்த்து முடிவெடுக்க வேண்டாமா? எங்களுக்கு முடிவெடுத்தது கவுன்டர்.

காத்திருக்கும் கூடம் முழுக்க 'புற்றுநோயைத் தாமதமின்றிக் கண்டறிவோம்' போஸ்டர்கள். நாங்கள் தாமதமில்லாமல்தான் கண்டறிந்தோம், நன்றி. அடுத்த போஸ்டரில் 'கண்டறிந்த பின் தாமதம் எங்கள் பொறுப்பு' என்றும் போட்டுவிடலாம். மெஷின் நின்றால் மாற்று ஏற்பாடு கிடையாது, போன் செய்தால் எடுக்க ஆள் கிடையாது, ஆனால் வரிசை எண் மட்டும் அச்சு பிசகாமல் வருகிறது.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன். கேட்பது இவ்வளவுதான்: அறுவை சிகிச்சை முடியாத, மூச்சுக்குழாயை நெருக்கும் தைராய்டு கட்டி என்று ஃபைல் வந்தால், அன்றைக்கே ஒரு கதிர்வீச்சு மருத்துவர் அதைப் பார்க்கட்டும், பொது வரிசையில் சேர்க்காமல் தனியாகத் தேதி கொடுங்கள். மெஷின் இல்லையென்றால் வேறு மருத்துவமனைக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். அப்பாவின் புது மாஸ்க் தயார் என்றார்கள். அது பொருந்துகிற வாரத்திலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகள்