கம்போட் நண்டு வங்கிக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். இங்க கம்போடியாவுல கம்போட் கரையில கரண்ட் வந்துடுச்சு, பம்ப் ஓடுது, நண்டுங்க உசுரோட இருக்கு. இதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நேத்து ராத்திரி வரைக்கும் "என்ன ஆச்சு என்ன ஆச்சு"ன்னு மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு, ஒருத்தருக்கும் ஒழுங்கா பதில் போட முடியல. மழையில கரண்ட் போய் நண்டுத் தொட்டி பம்ப் நின்ன அந்த வாரம் நடந்ததை எல்லாரும் படிச்சீங்க, போட்டோவும் பாத்தீங்க, திரும்ப அதுக்குள்ள போக எனக்குத் தெம்பு இல்ல. இது நன்றி சொல்ல மட்டும்.

பணம் அனுப்பிட்டு "நண்டு வங்கின்னா என்ன பாஸ்"னு கேட்டவங்களுக்காக ஒரு விளக்கம். வலையில சினை நண்டு மாட்டினா அதை உடனே விக்காம கரையில தொட்டியில விட்டு வைக்கறது, அவ்ளோதான். வயித்து மடிப்புக்குக் கீழ ஒட்டிட்டு இருக்கற முட்டை முதல்ல மஞ்சளா ஆரஞ்சா இருக்கும், போகப் போக பழுப்பாகி கடைசியில கருஞ்சாம்பலா மாறும், அப்படி ஆயிட்டா ஓரிரு நாள்ல பொரிஞ்சிடும். குஞ்சைக் கடல்ல விட்டுட்டு தாய் நண்டை வழக்கம் போல விக்கலாம். ஒரு நண்டுக்கு லட்சக்கணக்குல முட்டை, அதுல பொழைக்கறது சொற்பம்தான், ஆனா சட்டியில விழுந்தா அந்தச் சொற்பமும் கிடையாதே. இதுல ஒரே தொல்லை, தொட்டித் தண்ணிக்கு விடாம காத்து போகணும், பம்ப் நின்னா விடியறதுக்குள்ள கதை முடிஞ்சிடும்.

அன்னைக்கு ராத்திரி பம்ப் நின்னப்போ யாரு வந்தாங்கன்னு நான் இதுவரைக்கும் எழுதல. வந்தது ஊர்ல நண்டு எடுக்கற யாவாரிம்மா. பேரு போடக் கூடாதுன்னுட்டாங்க, ஊரே மிங்னுதான் (கெமர் மொழியில சின்னம்மா மாதிரி) கூப்பிடும், நானும் அப்படியே எழுதறேன். இந்தக் கரையில தொழில் எப்படின்னா, வலைக்கு, கூண்டுக்கு, இன்ஜின் டீசலுக்கு எல்லாம் யாவாரிகிட்ட முன்பணம் வாங்கணும், வாங்கினவன் புடிக்கற நண்டு அவங்ககிட்டதான் போகணும், விலை அவங்க சொல்றதுதான். எந்த ப்ராஜெக்ட் அறிக்கையை எடுத்தாலும் இடைத்தரகர்னா வில்லன், "அவர்களைத் தவிர்ப்பது எப்படி"ன்னு தனி அத்தியாயமே இருக்கும். அதனால அவங்க வருவாங்கன்னு நாங்க யாரும் நினைக்கவே இல்ல, கூப்பிடவும் இல்ல.

மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டு, பின்னாடி பையன் வயர் சுருளைத் தூக்கிட்டு வர, டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. அவங்க ஐஸ் கொட்டகையில ஒரு சின்ன ஜெனரேட்டர் இருக்கு. அங்கேருந்து படகுக் கொட்டகை கூரை மேல வயரை இழுத்து, வலை கட்டற நைலான் கயித்தாலயே மூங்கில்ல கட்டி, ஜாயிண்ட் மேல பிளாஸ்டிக் பையைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டாங்க (எந்த எலக்ட்ரீஷியன் பாத்தாலும் மயக்கம் போட்டுடுவார்). பம்ப் ஓடிச்சு. ஆனா ஜெனரேட்டர் ரெண்டையும் தாங்கல, அவங்க ஃப்ரீசரோ நம்ம பம்ப்போ ஏதோ ஒண்ணுதான். அவங்க போய் ஃப்ரீசர் பிளக்கைப் புடுங்கிட்டாங்க. உள்ள இருந்த நண்டுச் சதையை ஐஸ் பெட்டிக்கு மாத்தி, மறுநாள் வந்த விலைக்கு வித்ததா பையன் அப்புறம் சொன்னான், அவங்க வாயே திறக்கல. கரண்ட் வர்ற வரைக்கும் தினமும் ராத்திரி இதே கதைதான்.

முதல் ராத்திரி பம்ப் ஓடினதும் வீட்டுக்குப் போகாம தொட்டிகிட்ட குந்திக்கிட்டு ஒவ்வொரு நண்டாப் புரட்டிப் பாத்தாங்க. இது நாளைக்கு, இதுக்கு இன்னும் நாள் இருக்கு, இது தேறாதுன்னு சொல்லிட்டே போனாங்க, அவங்க நாளைக்குன்னு சொன்னது மறுநாளே பொரிஞ்சுது. பல வருஷமா நண்டை எடை போட்ட கை இல்லையா. டீசல் காசைக் கொடுக்கப் போனேன், என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. "இதுங்க எல்லாம் கடலுக்குப் போய் வளந்து கடைசியில எங்கிட்டதானே வரும்"னுட்டு சிரிச்சாங்க. மறுநாள் காலையில அதே ஆளு தராசுகிட்ட நின்னு ஒரு பையனை எடை குறையுதுன்னு கிழி கிழின்னு கிழிச்சாங்க, அதையும் சொல்லிடணும், நான் இங்க யாரையும் சாமியாக்கல. விலை இன்னமும் கம்மிதான்.

ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மைக்ரோஃபைனான்ஸ்ல கடன் வாங்கினவன் வீட்டு நிலப் பத்திரத்தைக் கொடுத்துட்டு வர்றான், கட்ட முடியலைன்னா நிலத்தை வித்துட்டு பிள்ளைங்களை நோம் பென் கார்மெண்ட்ஸுக்கோ தாய்லாந்துக்கோ அனுப்பறான். மிங் கேக்கறது நண்டு மட்டும்தான். கடல்ல நண்டு இருக்கற வரைக்கும்தான் அவங்க கொடுத்த முன்பணத்துக்கும் மதிப்பு, அதனால இந்தக் கடல் நல்லா இருக்கணும்னு எங்க டோனர்களை விட அவங்களுக்குத்தான் அக்கறை அதிகம்னு எனக்குத் தோணுது. 2006 மீன்வளச் சட்டப்படி 20 மீட்டருக்குக் கம்மியான ஆழத்துல இழுவை மடி (கடலடியை வழிச்சு இழுக்கற பெரிய வலை) போடக் கூடாது, ஆனா இழுவைப் படகுக்காரங்க ராத்திரியில வர்றாங்க, நண்டு வளர்ற கடல் புல்லை வழிச்சுட்டுப் போறாங்க. 2005 ஆணைப்படி பதிவான ஊர் மீன்பிடி கமிட்டிக்கு அவங்களைப் புடிக்கற அதிகாரம் கிடையாது, அதிகாரிக்குப் போன் பண்ணிட்டுக் காத்திருக்கணும். பக்கத்துல கெப் கடல்ல மடி சிக்கட்டும்னு கான்கிரீட் கட்டைகளைக் கடலடியில இறக்கியே வச்சாங்க. அந்தக் கெப்புக்கு டூரிஸ்ட் வர்றதே கம்போட் பச்சை மிளகு போட்ட நண்டு சாப்பிடத்தான், கடலுக்குள்ள பெரிய நண்டு சிலை வேற வச்சிருக்காங்க. சிலை நண்டு மட்டும்தான் மிஞ்சும்னு இங்க ஒரு ஜோக் ஓடுது.

மத்தவங்களையும் சொல்லணும், ஒரே மூச்சுல சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மடத்து மண்டபத்தைத் திறந்து விட்டு சோறும் போட்ட பிக்குகள், மழையில உப்பு மொத்தமும் கரைஞ்சு தங்களுக்கே வேலை போன நிலைமையிலயும் வந்து கரை கட்டிக் கொடுத்த உப்பள அக்காங்க, சாஞ்சு போன கண்டல் (அலையாத்தி) நாத்தை இடுப்பளவு சேத்துல நின்னு நிமித்தின பள்ளிக்கூடப் பசங்க, காசே வாங்காம ஓட்டின டுக்டுக் அண்ணன், நான் பேசற அரைகுறை கெமரை யாருக்கும் புரியற மாதிரி மாத்திச் சொன்ன தங்கச்சி, நோம் பென்ல ராத்திரியோட ராத்திரியா பம்ப் வாங்கி பஸ்ல ஏத்தி விட்ட நம்ம தமிழ் நண்பர்கள், சிங்கப்பூர்லேருந்தும் சென்னையிலேருந்தும் பணம் போட்டவங்க. உங்க யாருக்கும் தனித்தனியா எழுதற அளவுக்கு இன்னும் தூக்கம் தெளியல.

டீசல் காசை மிங் வாங்க மாட்டேன்னுட்டாங்க, ஆனா கணக்குல வராமப் போக விட மாட்டேன். இந்த மாச அறிக்கையில "ஊர் மக்கள் பங்களிப்பு"ங்கற இடத்துல அவங்க எரிச்ச டீசலும் நஷ்டப்பட்ட நண்டுச் சதையும் ரியெல் (கம்போடியப் பணம்) கணக்குல வரும், மேல யாராவது யாவாரியை எதுக்கு இதுல சேத்தேன்னு கேட்டா பேசிக்கறேன். கமிட்டியில அவங்களைச் சேக்கலாமான்னு ஒரு பேச்சும் கிளம்பியிருக்கு. கடன் வாங்கினவனே கமிட்டியில உக்காந்திருக்கும்போது கடன் கொடுத்தவங்க எதிர்ல அவன் எப்படி வாயைத் திறப்பான்னு ஒரு பெரியவர் கேட்டார், நியாயமான கேள்வி, எனக்குப் பதில் தெரியல. ஓட்டு இல்லாம வந்து உக்காரட்டும்னு பாதிப் பேர் சொல்றாங்க, அடுத்த கூட்டத்துல முடிவாகும்.

மிச்சம் இருக்கற பணத்துல ஒரு ஸ்பேர் பம்ப்பும் பேட்டரியும் வாங்கறோம், பில் வந்ததும் போடறேன். ரெண்டு பேர் பேரே போடாம பணம் அனுப்பியிருக்கீங்க, தயவுசெஞ்சு எனக்கு ஒரு மெசேஜ் தட்டுங்க, கமிட்டி நோட்டுல பேர் எழுதாம வரவு வைக்க மாட்டேன்னு பொருளாளர் அக்கா அடம் புடிக்கறாங்க.