டோங்கிரி போய் வந்த பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கேளுங்கள்

மகாராஷ்டிர மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தாராவி 90 அடி ரோடு பக்கம் மாலை வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் படித்தவர்களில் சிலர், வழக்கில் சிக்கிய சிறாரை விசாரணைக் காலத்தில் தங்க வைக்கும் மும்பை டோங்கிரி கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். இன்று இருபது வயது கடந்து வேலைக்குப் போகிறார்கள். சிறார் வழக்குகளைக் கையாளும் இளைஞர் நீதி முறையைத் திருத்துவது பற்றி எப்போது பேசினாலும் இவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சென்னை மாகாணம் 1920-லும் பம்பாய் மாகாணம் 1924-லும் சிறாருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தன. நூறு வருஷமாகியும் அந்த வழியில் நடந்து வந்தவர்களிடம் யோசனை கேட்கும் பழக்கம் வரவில்லை. தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் பங்கேற்கக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள இல்லங்களில் குழந்தைகள் குழு அமைக்கச் சொல்கிறது 53-ஆம் பிரிவு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குழுவின் பேச்சு இல்லத்துச் சுவருக்குள் அடங்கிவிடும். சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் சமூகப் பணி உறுப்பினருக்கோ, அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின்படி 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும். தீர்மானிக்கும் இடத்தில் முதிர்ச்சி தேவை, ஒப்புக்கொள்கிறேன். யோசனை சொல்ல எதற்கு 35 வயது?

ஒரு பையனைப் போலீஸ் பிடித்தால் விலங்கு போடக் கூடாது, லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விதி இது. நடந்ததா என்பது அந்தப் பையனுக்குத்தான் தெரியும். பிள்ளையின் குடும்பச் சூழல் பற்றிக் குழுமத்துக்குக் கொடுக்கும் சமூக விசாரணை அறிக்கைக்காக வந்தவர் பக்கத்து வீடுகளில் விசாரிக்க, அதுவரை மறைத்து வைத்திருந்த விஷயம் சந்து முழுக்கத் தெரிந்துபோனது என்று ஒருவன் சொன்னான். நல்ல நோக்கத்தோடு எழுதிய விதி வாசலில் வந்து என்ன செய்கிறது என்று அவன்தான் சொல்ல முடியும். இன்னொருவனின் அம்மாவுக்குத் திருநெல்வேலித் தமிழ் மட்டுமே தெரியும். குழுமத்தில் மராத்தியிலும் இந்தியிலும் பேசியதை அவன்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னான். தன் வழக்கைத் தானே மொழிபெயர்க்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற 74-ஆம் பிரிவைக் காட்டி நீங்கள் தயங்கலாம். அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு அவசியம். அதனால் மூடிய அறையில் கேளுங்கள், படம் எடுக்காதீர்கள், குறிப்பில் பெயர் வேண்டாம். "நீ என்ன செய்தாய்?" என்று யாரும் கேட்கக் கூடாது, உனக்கு என்ன நடந்தது, எதை மாற்றலாம் என்பது மட்டும் போதும். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டாம் முறை யாரும் வரமாட்டார்கள்.

தமிழ் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். போக்குவரத்துச் செலவைக் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், மற்ற நாளில் வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஓர் ஆசிரியை