பென்சிலால் எழுதித் தந்த பட்டியலுக்கு நன்றி

அன்பும் மதிப்பும் உடையீர்,

கடந்த ஓராண்டில் எங்கள் குடும்பம் எதையெல்லாம் கடந்து வந்தது என்பது இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். வேலை நின்றது, வீடு மாறியது, மகளின் முழங்கால் காயம் என்று அதை மறுபடியும் இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. நேற்று மாலை பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. மகளுக்கு விளையாட்டு ஊக்கத்தொகையும் கட்டண உதவியும் சேர்த்தே வழங்கியிருக்கிறார்கள். வரும் கல்வியாண்டில் அவள் அங்கே படிக்கப் போகிறாள். மூன்று முறை படித்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன், அவள் குரலில் கேட்டபோதுதான் அழுகை வந்தது. மனம் ஆறிய பிறகு எழுதினால் சொற்களும் ஆறிவிடும் என்பதால், இன்றே இதை எழுதுகிறேன்.

உதவியவர்கள் பலர், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனாலும் இந்த மடலின் பெரும்பகுதி ஒருவருக்கு உரியது. தன் பெயரை எங்கும் சொல்ல வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவர் அந்தப் பள்ளியின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருக்கிறார். யாருக்கு உதவி தருவது என்று முடிவெடுக்கும் குழுவில் அவர் இல்லை. வரும் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கோப்பில் சேர்ப்பதோடு அவருடைய வேலை முடிந்துவிடுகிறது.

நாங்கள் முதலில் விண்ணப்பித்தது விளையாட்டு ஊக்கத்தொகைக்கு மட்டுமே. மகள் 800 மீட்டர் ஓடுகிறாள். ஓடுகளத்தில் இரண்டு சுற்று. அவள் ஓடிச் சம்பாதித்த பரிசு என்று அதைச் சொல்லிக்கொள்ளலாம், அதில் எங்களுக்குப் பெருமை இருந்தது. படிவத்தின் நான்காம் பக்கம் வேறு வகையானது. குடும்ப வருமானம், சேமிப்பு, கடன், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அதன் அடிப்படையில் கட்டண உதவி கோருகிறீர்களா என்று முடியும் பக்கம் அது. திறமைக்குக் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம், இல்லாமையைச் சொல்லிக் கேட்பதா என்று எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு கோடுகூடப் போடாமல் படிவத்தை அனுப்பிவிட்டேன்.

கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு அவர் தொலைபேசியில் அழைத்தார். "நான்காம் பக்கத்தை வேண்டாம் என்று விட்டீர்களா, மறந்து விட்டீர்களா என்று மட்டும் தெரிந்துகொள்ளக் கூப்பிட்டேன் அம்மா" என்றார். வேண்டாம் என்றுதான் விட்டோம் என்றேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "நாளைக்கு ஒரு பத்து நிமிடம் நேரில் வர முடியுமா?" என்று கேட்டார். காலியாக இருந்த ஒரு பக்கத்தை அப்படியே கோப்பில் சேர்த்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. அந்த ஓர் அழைப்பை நினைக்கும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மறுநாள் நான் போனபோது மேசைக்கு எதிரே போட்டிருந்த நாற்காலியை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு உட்காரச் சொன்னார். பத்து நிமிடம் என்றவர் தன் உணவு இடைவேளை முழுவதையும் எனக்குக் கொடுத்தார். அவர் சொன்ன கணக்கு இதுதான். அந்தப் பள்ளியில் விளையாட்டு ஊக்கத்தொகை என்பது படிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு. மகள் தேர்வில் முதலாவதாக வந்தாலும் மீதி 90 விழுக்காடு எங்கள் தலையில்தான் விழும். ஸ்காலர்ஷிப் என்ற பெயரைக் கேட்டதும் முழுச் செலவும் தீர்ந்தது என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள் என்றார். அதில் பெரும்பாலும் சிறிய தள்ளுபடிதான் இருக்கும், சில பள்ளிகளில் பணமே இல்லாமல் தனிப் பயிற்சியும் ஸ்காலர் என்ற பெயரும் மட்டும் தருவார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மீதிப் பள்ளத்தை நிரப்புவது வருமானம் பார்த்துத் தரும் கட்டண உதவி. இரண்டுக்கும் நிதி வேறு, தேர்வு வேறு. அந்தப் பள்ளியில் ஒன்றின் மேல் மற்றொன்றைப் பெறத் தடையில்லை. ஆனால் கேட்டவர்களுக்குள்தான் குழு பங்கிட முடியும், கடைசித் தேதி கடந்துவிட்டால் அந்த ஆண்டுக்குரிய தொகை வேறு பிள்ளைகளுக்குப் போய்விடும்.

அதன்பின் அவர் ஒரு பெரிய தவற்றிலிருந்து எங்களைக் காப்பாற்றினார். படிவம் கேட்பது சென்ற ஆண்டின் வருமானத்தை. சென்ற ஆண்டுச் சம்பளச் சீட்டுகளை மட்டும் இணைத்திருந்தால், காகிதத்தில் நாங்கள் வசதியான குடும்பமாகவே தெரிந்திருப்போம். இந்த ஆண்டு என்ன ஆனது என்பது அந்தத் தாள்களில் எங்கும் இல்லை. சூழ்நிலை மாறியதைத் தேதியோடு விளக்கித் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், வேலை நின்றதற்கான சான்றையும் அண்மைய மூன்று மாத வங்கிக் கணக்கையும் சேர்த்து வையுங்கள், எதையும் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்றார். அந்தக் கடிதத்தை அன்றிரவு எழுதி முடித்தபோது விடிந்துவிட்டது. குடும்பத்தின் நிலைமையை இன்னொருவர் படிக்க எழுதுவது எளிதல்ல. ஆனால் அவர் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்த பிறகு, அதை எழுத எனக்கு நாணமில்லை.

நான் கிளம்பும் நேரத்தில்தான், பழைய சுற்றறிக்கை ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். சீருடை இரண்டு. விளையாட்டுச் சீருடை தனி. ஓடுகளத்துக்கான, அடியில் கூர்முனைகள் உள்ள ஸ்பைக்ஸ் காலணி. வளரும் பிள்ளை என்பதால் ஆண்டுக்கு ஒன்றாவது. பேருந்து. மதிய உணவு. வெளியூர்ப் போட்டிகளுக்குப் பயணமும் தங்குமிடமும். தேர்வுக் கட்டணம். இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி). கட்டண அறிவிப்பில் இவற்றில் பாதிகூட இல்லை. கட்டணம் முழுவதும் தள்ளுபடியாகிச் சேர்ந்த பிள்ளைகள்கூட இந்தச் செலவுகளைத் தாங்க முடியாமல் இடையில் நின்றதைத் தன் கண்ணால் பார்த்திருப்பதாகச் சொன்னார். எவற்றுக்கெல்லாம் பள்ளியிடமே உதவி கேட்கலாம் என்று சிலவற்றின் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி வைத்தார். சீருடைக்கு எதிரே, மூத்த மாணவர்கள் திருப்பித் தந்த நல்ல உடைகள் கிடைக்கும் அறையின் எண்ணை எழுதி, "யார் கொடுத்தது, யார் எடுத்தது என்று அங்கே பதிவேடு கிடையாது" என்றார். தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தார்.

அந்த அறையில் அவர் சொன்ன இன்னொன்றை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். "ஊக்கத்தொகை உங்கள் மகளின் கால்களுக்குத் தருவது. கட்டண உதவி உங்கள் வீட்டுக்குத் தருவது. கால் ஓய்ந்தாலும் வீடு இருக்கும் அம்மா." மகளின் முழங்கால் அப்போது எந்த நிலையில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. விளையாட்டு ஊக்கத்தொகையை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்வார்கள். பயிற்சிக்கு வருகிறாளா, அணியில் இருக்கிறாளா என்று பார்ப்பார்கள், அது நியாயமும்கூட. கட்டண உதவிக்கும் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்தான், ஆனால் அந்தக் கணக்கு எங்களுடையது. படிப்பு முழுவதையும் ஓட்டத்தின் மேல் ஏற்றி வைத்திருந்தால், வலித்தபோதெல்லாம் அந்தப் பிள்ளை அதை எங்களிடம் மறைத்து ஓடியிருப்பாள். ஏற்கெனவே ஒரு பருவம் முழுவதும் அப்படித்தான் மறைத்திருக்கிறாள் என்பதை இந்த வாரம்தான் என்னிடம் சொன்னாள். பதினோரு வயதுப் பிள்ளையின் முழங்காலில் ஒரு குடும்பத்தின் கட்டணத்தை நாங்கள் கட்டி வைத்திருந்தோம். பெற்றவளான எனக்குத் தெரியாமல் போனதை, முன்பின் அறியாத ஒருவர் ஒரே வரியில் அவிழ்த்து விட்டார்.

மற்ற அனைவருக்கும் இங்கேயே சேர்த்து நன்றி சொல்கிறேன். காயத்தால் ஓடாத மாதங்களையும் மறைக்காமல், அந்த நாட்களில் அவள் களத்தின் ஓரத்தில் நின்று சின்னப் பிள்ளைகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்ததையும் சேர்த்துப் பரிந்துரைக் கடிதம் எழுதிய பயிற்சியாளருக்கு. கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற இயன்முறை மருத்துவருக்கு. தேர்வு நாளன்று விடியும் முன்பே வண்டியோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்கு. வீடு மாறிய குழப்பத்தில் காணாமல் போன சான்றிதழுக்கு ஒரே நாளில் நகல் எடுத்துத் தந்த பழைய பள்ளியின் தலைமையாசிரியருக்கு. தன் ஸ்பைக்ஸைக் கடனாகத் தந்து, அவள் ஓடுவதைப் பார்க்கவும் வந்த தோழிக்கு. அந்தப் பள்ளியில் தாங்கள் படித்த காலத்தை மறக்காமல் உதவி நிதிக்கு ஆண்டுதோறும் கொடுத்துவரும், நாங்கள் ஒருபோதும் சந்திக்கப் போகாத முன்னாள் மாணவர்களுக்கு. அக்கா போகிறாள் என்றால் என் பயிற்சியை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளலாம் என்று தானாக வந்து சொன்ன என் மகனையும் இந்த வரிசையில் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

நேற்றிரவு மகளிடம் ஒன்று சொன்னேன், உங்கள் முன்னிலையிலும் சொல்லி வைக்கிறேன். ஓட வேண்டும் என்று தோன்றும்வரை அவள் ஓடலாம். வலித்தால் அன்றே சொல்ல வேண்டும். ஒருநாள் ஓட்டம் போதும் என்று அவளுக்குத் தோன்றினால், அந்த 10 விழுக்காட்டை எப்படி ஈடுகட்டுவது என்பது எங்கள் கவலை.

இன்னொன்றும் உறுதி செய்திருக்கிறேன். விண்ணப்பக் காலம் மறுபடி வரும்போது, படிவத்தின் முன்னால் திகைத்து உட்கார்ந்திருக்கும் எந்தப் பெற்றோரும் என்னை அழைக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து நான்காம் பக்கத்தை நிரப்ப நான் வருவேன். சேர வேண்டிய ஆண்டுக்கு ஓராண்டு முன்பே சில பள்ளிகள் விண்ணப்பத்தை முடித்துவிடுகின்றன, ஆகவே தயவுசெய்து சீக்கிரமே அழையுங்கள். அந்தப் பென்சில் பட்டியலை மையால் பிரதி எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை நான்கு குடும்பங்கள் வாங்கிப் போயிருக்கின்றன. அசல் தாள், மடிப்பில் எழுத்து மங்கத் தொடங்கியிருந்தாலும், மகளின் சேர்க்கைக் கடிதத்தோடு ஒரே உறையில் இருக்கிறது.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஓட்டக்காரியின் அம்மா