எம்.எஸ். ப்ளூவுக்கு நூல் கிடைச்சிடுச்சு

பாப்பாவுக்கு,

அம்மா எழுதறேன். போன்ல கூப்பிட்டா "மீட்டிங்ல இருக்கேன்மா"ன்னு வெச்சிடற, அதான் பேப்பர்ல. கையெழுத்தைப் பாத்து சிரிக்காத. ஜாக்கெட் அளவு எழுதி எழுதி என் எழுத்தே சின்னதாப் போச்சு.

அப்பாவுக்குக் கால் வீக்கம் இறங்கிடுச்சு. சித்தி விஷயம் அப்படியேதான் இருக்குது, அதை விடு. வெள்ளிக்கிழமையில எண்ணெய் தேச்சுக் குளிக்கிறியா?

எம்.சி. ரோடுல தீபாவளிக் கூட்டம் ஆரம்பிச்சிடுச்சு. ஃபால்ஸ் அடிக்க ஒரு நாளைக்கு 25, 30 புடவை வருது. நேத்து ஒரு அம்மா பட்டுப்புடவை எடுத்தாந்து, "இது எம்.எஸ். ப்ளூ, வேற நீல நூல் போட்டா வாங்கிக்க மாட்டேன்"னு கண்டிப்பா சொல்லிட்டுப் போச்சு. என் டப்பாவுல நீலமே 11 ரீல் இருக்குது, ஒண்ணும் சேரல. நீ காலேஜ்ல படிக்கும்போது சொன்னியே, காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்குன்னு நெய்ஞ்ச கலரு, பாடறவங்க பேரே கலருக்குப் பேராயிடுச்சுன்னு. அது ஞாபகம் வந்துது. புடவைய வாசல்ல வெயில்ல பிரிச்சுப் பாத்தேன். டியூப் லைட்டுல பாத்த நீலமே இல்ல அது. நாலாவது கடையிலதான் நூல் கிடைச்சுது. ஒரு ரீல் நூலுக்கு இவ்வளவு சந்தோஷமான்னு அப்பா கேக்கறாரு. உனக்கு போட்டோ அனுப்பினேன். ரெண்டு நீல டிக் வந்துது. அவ்வளவுதான்.

முன்னெல்லாம் ஏழரை மணிக்கு உன் போட்டோ வந்துடும். லாரி பின்னாடி வரைஞ்ச கழுகு, யாரோ வீட்டுக் கேட்டுல இரும்புத் தாமரை, பூக்காரம்மா கூடைய அடுக்கியிருக்கிற விதம். "இத்தப் பாரேன்மா"ன்னு ஒரு வரி இருக்கும். அதைப் பாத்துட்டுத்தான் மிஷின்ல உக்காருவேன். ஆடி மாசத்துல இருந்து ஒண்ணுகூட வரல. நான் ஒண்ணும் கேக்கல. வேலை இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி, தலைக்கு எண்ணெய் வை. பெங்களூரு குளிருன்னு சாக்கு சொல்லாத.

நீ டிசைன் பண்ண டீத்தூள் டப்பாவுலதான் பாபின் போட்டு வெச்சிருக்கேன். வர்ற எல்லாருக்கும் காட்டறேன். அப்பாவும் லேசுப்பட்டவரு இல்ல. ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம், "1856ல திறந்தது, எங்க பாப்பா இதோட தூணையெல்லாம் எண்ணி எண்ணி வரைஞ்சுது"ன்னு பக்கத்து சீட்டுக்காரங்கிட்ட ஆரம்பிச்சிடறாரு. அப்படி எண்ணின பொண்ணுக்கு அம்மாவுக்கு ஒரு வரி எழுத நேரம் இல்ல.

சின்னதுல ஸ்கூல்ல இருந்து குனிஞ்சிகினேதான் வருவ. பெட்டிக்கடை வாசல்ல கிடக்கிற தீப்பெட்டியெல்லாம் உன் பையிலதான். மயில், சேவல், கப்பல். என் துணி வெட்டற கத்திரியாலயே வெட்டி, சோத்தை நசுக்கி நோட்டுல ஒட்டுவ. எறும்பு வரும்னு திட்டுவேன். பேப்பர் வெட்டினா கத்திரி மழுங்கிடும்னு கையில அடிச்சும் இருக்கேன். மளிகைக் கடை காலண்டர் வந்தா, சாமிப் படம் வரைஞ்ச கோவில்பட்டி கொண்டையா ராஜு பேரு இருக்குதான்னு முருகன் கால்கிட்ட தேடுவ. "எல்லாரும் சாமியப் பாத்தா இது கையெழுத்தைப் பாக்குது"ன்னு ஆயா சிரிக்கும்.

பாப்பா, அந்த மூணு நோட்டும் 2015 மழையில போகல.

தண்ணி வந்தது நிஜம். ஆனா பச்சைப் பெட்டி பரண் மேல இருந்துது, ஒரு சொட்டுகூட படல. காலாண்டுல கணக்குல நீ 61 வாங்கின இல்ல, அந்த வாரமே நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டேன். பேப்பரோட பேப்பரா கட்டி, தராசுல வெச்சு. மழை வந்ததும் எனக்கு ஒரு சாக்கு கிடைச்சுது. நீ அழவேயில்ல. "பரவால்லம்மா, உனக்கும்தான் மிஷின் மோட்டார் போச்சே"ன்ன. அத்தோட என் எதிர்ல படம் வரையறத விட்டுட்ட. பெரிய பொண்ணாயிட்ட, புத்தி வந்துடுச்சுன்னு நான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிகினு இருந்தேன். போட்டோ வராத இந்த மூணு மாசமா அதேதான் மனசுல ஓடுது.

கவர்ல எட்டு தீப்பெட்டிப் படம் வெச்சிருக்கேன். இப்ப எல்லாரும் லைட்டருக்குப் போயிட்டாங்க, இந்த எட்டுக்கே ரெண்டு வாரம் ஆச்சு. சேவல் ரெண்டு தடவை வந்திருக்குது, எது நல்லா அச்சாயிருக்குன்னு எனக்குத் தெரியல, நீ பாரு. எம்.எஸ். ப்ளூ நூல் ஒரு முழம் சுத்தி வெச்சிருக்கேன். வெயில்ல பிடிச்சுப் பாக்கணும், உன் ரூம் லைட்டுல தெரியாது.

படத்தையெல்லாம் துணிக் கத்திரியாலதான் வெட்டினேன்.

அம்மா