கிடங்கை நிரப்ப வேண்டியவர் யார்?

நேப்பர்வில், இல்லினாய்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. நான் உயிரோடு இருக்கிறேனா என்று நீ கிட்டுவிடம் விசாரித்ததாகவும், அவன் வழக்கம்போல, "இருக்கிறான், ஆனால் யாருக்கும் பயனில்லாமல்" என்று பதில் சொன்னதாகவும் அறிந்தேன். இங்கே எல்லோரும் நலம். பத்மாவின் முழங்கால் சற்றுத் தேவலை. மகள் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் பணிபுரிகிறாள். இவ்வளவே வீட்டுச் செய்தி.

நீ கடைசிப் பத்தியில், நக்கலும் வருத்தமும் கலந்து கேட்டிருந்த ஒரு கேள்விதான் என்னை எழுத விடாமலும் செய்தது, இப்போது எழுதவும் வைக்கிறது. உலகின் எந்த மூலைக்கும் படையை அனுப்பக்கூடிய நாட்டில், கொரோனா பரவிய 2020 மார்ச்சில் நியூயார்க் செவிலியர்கள் குப்பைப் பைகளை மேலங்கியாக அணிந்துகொண்டு நோயாளிகளைப் பார்த்தது எப்படி என்று கேட்டாய். பழைய கதைதானே என்று ஒதுக்கியிருப்பேன். ஆனால் 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார்: பேரிடருக்கு ஆயத்தமாக இருக்கும் பொறுப்பில் பெரும்பங்கை மாநிலங்களும் உள்ளாட்சிகளும் ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. அடுத்த கொள்ளைநோய் வரும்போது முகக்கவசத்தை வாங்கி வைத்திருக்க வேண்டியவர் வாஷிங்டனா, எங்கள் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டா என்ற கேள்விக்குச் சென்ற முறை ஆளுக்கொரு விடை சொன்னார்கள். அதன் விலையை மகள் போன்றவர்கள் கொடுத்தார்கள். ஒருமுறை அணிந்து எறிய வேண்டிய முகக்கவசத்தைக் காகிதப் பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்து, மறுநாளும் அதையே அவள் அணிந்துகொண்டு போன நாட்கள் உண்டு.

முதலில் கையிருப்பின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கிடங்கு நிர்வாகம் செய்தவன், உனக்குச் சுவைக்கும். இங்கே ஸ்ட்ராட்டஜிக் நேஷனல் ஸ்டாக்பைல் என்றொரு தேசியக் கையிருப்பு உண்டு. 1999-இல் வேறு பெயரில் தொடங்கப்பட்டபோது அதன் நோக்கம் ஆந்த்ராக்ஸ், பெரியம்மை போன்ற உயிரியல் ஆயுதத் தாக்குதல்களுக்கு மருந்து வைத்திருப்பது. நாட்டின் எந்த இடத்துக்கும் 12 மணி நேரத்தில் போய்ச் சேரும்படி 50 டன் எடையுள்ள பொட்டலத் தொகுதிகளைத் தயாராக வைத்திருந்தார்கள். 2009-இல் பன்றிக்காய்ச்சல் வந்தபோது அதிலிருந்து ஏறத்தாழ 8.5 கோடி என்95 முகக்கவசங்கள் வெளியே போயின. போனவை போனவைதான், திரும்ப நிரப்பவில்லை. 2011-க்குப் பிறகு செலவுக்கு உச்சவரம்பு வந்தது. இருந்த பணத்திலும் பாதிக்கு அருகில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசிக்கே போய்க்கொண்டிருந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் ஒபாமா, பிறகு வந்தவர் டிரம்ப். இரண்டு ஆட்சிகளிலும் அந்த அலமாரி காலியாகவே கிடந்தது. 2020 மார்ச் தொடக்கத்தில் சுகாதாரத் துறையே கணக்குச் சொன்னது: கடுமையான கொள்ளைநோய் ஓராண்டு நீடித்தால் 350 கோடி முகக்கவசங்கள் வேண்டும், கையில் இருப்பது அதில் ஏறத்தாழ ஒரு சதவீதம்.

இந்த ஒரு சதவீதம் வெளியே தெரிந்தபின் நடந்ததுதான் வேடிக்கை. மார்ச் 16 அன்று ஆளுநர்களோடு பேசிய அதிபர், வென்டிலேட்டர் முதலானவற்றை நீங்களே வாங்க முயன்று பாருங்கள் என்றார். மூன்று நாள் கழித்து, கூட்டாட்சி அரசு சரக்கு அனுப்பும் குமாஸ்தா அல்ல என்றும் சொன்னார். சரி என்று மாநிலங்கள் சந்தைக்குப் போயின. அங்கே ஐம்பது மாநிலங்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. போதாததற்குக் கூட்டாட்சிப் பேரிடர் முகமையான ஃபெமாவும் அதே ஏலத்தில் நுழைந்து எல்லோருக்கும் மேலே விலை கேட்டது. 85 சென்ட்டுக்குக் கிடைத்த முகக்கவசம் 7 டாலருக்கு ஏறியது என்றும், 25 ஆயிரம் டாலர் வென்டிலேட்டர் 45 ஆயிரத்துக்குப் போனது என்றும் நியூயார்க் ஆளுநர் கூமோ நாள்தோறும் தொலைக்காட்சியில் புலம்பினார். தன் மாநிலத்துக்கு 30 ஆயிரம் வென்டிலேட்டர் வேண்டும் என்று அவர் கேட்டபோது ஃபெமா முதலில் அனுப்பியது 400. அந்த 30 ஆயிரம் என்பது பிறகு தேவைப்படாத, மிகையான மதிப்பீடு என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எத்தனை வேண்டும் என்று எவருக்கும் தெரியாத வாரத்தில் ஏலம் எடுக்க வேண்டியிருந்தது என்பதே எனக்குப் பயங்கரமாகத் தோன்றுகிறது.

எங்கள் இல்லினாயின் கதையைக் கேள். சீனாவிலிருந்து வரவிருந்த 15 லட்சம் என்95 முகக்கவசங்களுக்கு, 34 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகைக்கான காசோலையை எடுத்துக்கொண்டு மாநிலக் கருவூல அலுவலர் ஒருவர் தாமே காரை விரட்டிக்கொண்டு போய், ஐ-55 நெடுஞ்சாலையோரத்து மெக்டொனால்ட்ஸ் கடையின் வாகன நிறுத்தத்தில் இடைத்தரகரைச் சந்தித்துக் கொடுத்தார். வங்கி மூடுவதற்குள் பணம் சேராவிட்டால் சரக்கு வேறு கைக்குப் போய்விடும் என்ற நிலை. டெண்டர், முத்திரை, மூன்று நிலை ஒப்புதல் என்று வாழ்நாள் முழுவதும் மல்லாடிய உனக்கு இதைப் படித்தால் மயக்கமே வரும். பிறகு ஆளுநர் பிரிட்ஸ்கர் சீனாவிலிருந்து தனி விமானங்களை அமர்த்தியபோது, எந்த விமானம், எப்போது வருகிறது என்பதைச் சொல்லவே மறுத்தார். திருடர்களுக்குப் பயந்து அல்ல. கூட்டாட்சி அரசு வழியில் எடுத்துக்கொண்டுவிடுமோ என்று பயந்து.

அந்தப் பயம் வெறும் கற்பனையென்று ஒதுக்க முடியாது. மாசசூசெட்ஸ் ஆளுநர் பேக்கர், அதிபரின் கட்சியைச் சேர்ந்தவர்தான்; அவர் வாங்கிய 30 லட்சம் முகக்கவசங்கள் நியூயார்க் துறைமுகத்திலேயே பிடித்துவைக்கப்பட்டன. அதன்பின் அவர் ஒரு கால்பந்து அணியின் விமானத்தை ஷென்ஜெனுக்கு அனுப்பி, ஏப்ரல் 2 அன்று சுமார் 12 லட்சம் முகக்கவசங்களைப் பாஸ்டனில் இறக்கினார். மேரிலாந்து ஆளுநர் ஹோகனும் அதே கட்சிதான். கொரியாவில் பிறந்த தம் மனைவியின் உதவியோடு அங்கிருந்து 5 லட்சம் பரிசோதனைகளுக்கான பொருட்களை வரவழைத்து, வெளியிடப்படாத இடத்தில் மாநிலக் காவற்படையின் பாதுகாப்பில் வைத்தார். அன்று அவரை எல்லோரும் வீரர் என்று கொண்டாடினார்கள். வந்த சரக்கு உதவாமல் போய், மேலும் 25 லட்சம் டாலர் கொடுத்து மாற்ற வேண்டியிருந்தது என்பது மாதங்கள் கழித்தே வெளியே வந்தது. தரம் பார்த்து வாங்கும் ஆட்களும் ஆய்வகமும் நேரமும் இல்லாத ஒரு மாநிலம் அவசரத்தில் தனியாகச் சந்தைக்குப் போனால் இப்படித்தான் முடியும்.

ஏப்ரல் 2 அன்றுதான் அதிபரின் மருமகன் ஜாரெட் குஷ்னர் வெள்ளை மாளிகை மேடையில் ஏறி, தேசியக் கையிருப்பு எங்களுடையது, மாநிலங்கள் எடுத்துப் பயன்படுத்துவதற்கானது அல்ல என்ற பொருளில் பேசினார். அந்த "எங்கள்" யார் என்று நீயும் நானும் தாடி வாத்தியாரிடம் கேட்டிருந்தால் பிரம்பு பறந்திருக்கும்! மறுநாளே கையிருப்பின் அரசு இணையதளத்தில் இருந்த விளக்கம் மாறியது. மாநிலங்கள் உதவி கேட்கும்போது தேவையானவர்களுக்குப் பொருள் போய்ச் சேர்வதை உறுதிசெய்வது என்று முன்பு இருந்தது. மாநிலங்களின் கையிருப்புக்குத் துணையாக இருப்பது என்று பின்பு ஆனது. அடுத்த சில நாட்களில் நாடாளுமன்றக் குழு ஒன்று வெளியிட்ட ஆவணங்களின்படி, நாடு முழுவதற்கும் 117 லட்சம் என்95 கொடுத்ததோடு தேசியக் கையிருப்பு ஏறத்தாழத் துடைத்து வைத்தாற்போல் ஆகிவிட்டிருந்தது. முதல் சுற்றைப் பகிர்ந்தளித்த முறையும் கேள்: நோய் எங்கே தீயாய்ப் பரவுகிறது என்று பார்க்காமல், 2010 மக்கள்தொகைக் கணக்கின் விகிதத்தில் பிரித்தார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீ, தவறு முழுவதும் வாஷிங்டனுடையது என்று முடிவுகட்டிவிடுவாய். பொறு. இங்குள்ள என் நண்பர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அவர்களிடம் நான் கலிபோர்னியாவை நினைவூட்டும்போதெல்லாம் பேச்சு மாறிவிடுகிறது. 2006-இல் பறவைக்காய்ச்சல் அச்சம் எழுந்தபோது, ஆளுநர் ஷ்வார்ஸ்னேகர் 20 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, 200 படுக்கைகள் கொண்ட மூன்று நடமாடும் மருத்துவமனைகள், 5 கோடி என்95 முகக்கவசங்கள், 2,400 வென்டிலேட்டர்கள் ஆகியவற்றை மாநிலத்துக்கென்று சேர்த்துவைத்தார். பெரிய காரியம் அது. 2011-இல் பற்றாக்குறை வரவுசெலவோடு பதவிக்கு வந்த ஆளுநர் பிரவுன், ஆண்டுக்கு 58 லட்சம் டாலர் பராமரிப்புச் செலவை மிச்சப்படுத்துவதற்காக அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே மாநிலம் ஒரே சீன நிறுவனத்தோடு போட்ட முகக்கவச ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 100 கோடி டாலர்.

பிரவுனைத் திட்டுவது எளிது. ஆனால் இங்கே ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஆண்டுதோறும் வரவுக்குள் செலவை அடக்கியே ஆக வேண்டும் என்று சட்டத்தால் கட்டுண்டவை. வரி குறையும் ஆண்டில் பள்ளிக்கூடத்தை மூடுவதா, வராத நோய்க்கு வாங்கிய முகக்கவசத்தைக் காப்பதா என்று கேட்டால், எந்த ஆளுநரும் கிடங்கைத்தான் கைவிடுவார். கடன் வாங்கிச் செலவு செய்யும் வசதியும், 1950-ஆம் ஆண்டின் பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைக் காட்டித் தொழிற்சாலைக்கு ஆணையிடும் அதிகாரமும், எல்லையில் சரக்கை நிறுத்தவும் விடவும் உரிமையும் உடையது கூட்டாட்சி அரசு ஒன்றே. ஆகவே வாங்குவதும் சேர்ப்பதும் அதன் வேலை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எந்த ஊர் மருத்துவமனையில் எத்தனை படுக்கை, எங்கே செவிலியர் பற்றாக்குறை என்பது வாஷிங்டனுக்குத் தெரியாது. பகிர்ந்து கொடுப்பது மாநிலத்தின் வேலை. நோயைக் கட்டுப்படுத்தும் பொது அதிகாரம் அரசமைப்புப்படி மாநிலங்களிடம் இருக்கிறது என்பதைக் காட்டி, வாங்கும் பொறுப்பையும் அவற்றின் தலையில் கட்டுவது எனக்குச் சூழ்ச்சியாகவே தெரிகிறது. இப்போதிருக்கும் சட்டமோ இரண்டையும் தெளிவாகப் பிரிக்கவில்லை. அம்மாவின் மருந்தை அண்ணன் வாங்கியிருப்பான் என்று தம்பியும், தம்பி வாங்கியிருப்பான் என்று அண்ணனும் இருந்துவிடும் வீட்டைப் போல, ஒருவருடைய கிடங்கு மற்றவர் கிடங்கை நிரப்பாமலிருப்பதற்குச் சாக்காகிவிட்டது.

கலிபோர்னியா என்றதும் நினைவுக்கு வருகிறது. உனக்குப் பிடித்த ஒரு செய்தியும் உண்டு. தேசியக் கையிருப்பிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த 170 வென்டிலேட்டர்கள் வேலை செய்யவில்லை. ஆளுநர் நியூசம் அவற்றை லாரியில் ஏற்றி சான் ஹோசேயில் எரிபொருள் மின்கலம் செய்யும் புளூம் எனர்ஜி நிறுவனத்துக்கு அனுப்பினார். அவர்கள் சில நாட்களில் சரிசெய்து கொடுத்தார்கள். அதை நிறுவித் தலைமையேற்று நடத்தும் கே. ஆர். ஸ்ரீதர் நம் திருச்சி ஆர்.இ.சி.யில் மெக்கானிக்கல் படித்தவர். மெக்கானிக்கல்காரனால் விடுதி மின்விசிறியைக்கூடச் சுழலவைக்க முடியாது என்று நான்கு ஆண்டும் சொல்லிக்கொண்டிருந்த கிட்டுவிடம் இதைத் தவறாமல் சொல்.

அந்த வசந்தத்தில் கொஞ்சம் நல்லதும் நடந்தது. ஓரிகான் தன்னிடமிருந்த 140 வென்டிலேட்டர்களை நியூயார்க்குக்கு அனுப்பியது. வாஷிங்டன் மாநிலம் தனக்கு வந்த 400-ஐத் திருப்பிக் கொடுத்தது. மே மாதம் நியூயார்க் உள்ளிட்ட ஏழு கிழக்கு மாநிலங்கள் ஒன்றாகச் சேர்ந்து வாங்குவதாக அறிவித்தன. ஆனால் அண்டை மாநிலங்களின் நல்ல மனத்தை நம்பிக் கொள்ளைநோயை எதிர்கொள்ள முடியாது.

நீ சிரிப்பதற்குமுன் உன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் உங்கள் ஒன்றிய அரசு தடுப்பூசியில் பாதியை மட்டும் தான் வாங்கிக்கொண்டு, மீதியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் வாங்கிக்கொள்ளட்டும் என்றதே, அது எங்கள் ஏலத்தின் அசல் நகல் அல்லவா? கோவிஷீல்டு ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300 ரூபாய். தமிழ்நாடு 3.5 கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டும் ஒருவரும் முன்வரவில்லை. ஒரே வித்தியாசம், உங்களிடம் அது ஜூன் 21-ஆம் தேதியோடு முடிந்து, 75 சதவீதத்தை ஒன்றிய அரசே வாங்கத் தொடங்கியது.

உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் மாவட்டத்தில் அவசரகால ஆயத்தத்துக்கான தன்னார்வலர் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். மாநிலம் தனக்கென்று கையிருப்பு வைத்தால் அது காலாவதியாகாமல் பார்ப்பது எப்படி என்று அடுத்த கூட்டத்தில் பேசச் சொல்கிறார்கள். 1994-இல் தொடங்கிய உங்கள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், மாவட்டக் கிடங்கு, முதலில் காலாவதியாவது முதலில் வெளியே என்று ஒரு முறை இருந்ததே, அதில் அவசரத்துக்கென்று ஒதுக்கிய சரக்கையும் அன்றாடச் சரக்கோடு சுழற்றினீர்களா, தனியே பூட்டி வைத்தீர்களா? நான் சுழற்ற வேண்டும் என்ற கட்சி. குழுவில் உள்ள ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி, சுழற்றினால் அன்றாடத் தேவையே அதைத் தின்றுவிடும் என்கிறார். உன் அனுபவத்தை விரிவாக எழுது. தணிக்கைக்காரர்களிடம் நீ பட்ட பாட்டையும் விடாதே. கூட்டம் அடுத்த மாதக் கடைசியில்.

சரோஜாவுக்கு எங்கள் அன்பு. பேரனுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி. அவனிடமாவது ஒழுங்காக ஆடு.

என்றும் அன்புடன்,
ரகு